ரேடியோவில் வந்த சிரிப்பு

தண்டையார்பேட்டை. செவ்வாய்க்கிழமை காலை.

குடோனின் பின்வாசலில் காவலாளி லட்சுமணன் குப்புறக் கிடந்தார். பின்னந்தலையில் ரத்தம் உறைந்து கறுத்திருந்தது. மூச்சு மட்டும் இருந்தது. பூட்டை உடைத்திருந்தார்கள். கப்பல்களிலிருந்து கழற்றிய பித்தளை வால்வுகள் கட்டி வைத்திருந்த மூட்டைகளில் பாதியைக் காணவில்லை.

ஆம்புலன்ஸ் கிளம்பிய பிறகு சப்-இன்ஸ்பெக்டர் எழில்மொழி பின்வாசலை மெதுவாகச் சுற்றி வந்தார். ஒடுக்கமான சந்து. ஒருபக்கம் குடோன், மறுபக்கம் வீடுகளின் சுவர். ஒரே ஒரு சமையலறைச் சன்னல், அதுவும் ஆள் உயரத்துக்கு மேலே.

குடோன் முதலாளி சாலமோன் ராயபுரத்திலிருந்து தன் பழைய மாருதியில் பதறியடித்து வந்து சேர்ந்தார். தூத்துக்குடி மாவட்டம் நாசரேத் பக்கத்து ஆள். மேனேஜர் பாலகணேஷ் அவருக்கு முன்பே வந்திருந்தான்.

"நேத்து சாயங்காலம் எங்க இருந்தீங்க?" எழில்மொழி அவனைக் கேட்டார்.

"எண்ணூர்ல ஒரு பார்ட்டியப் பார்க்கப் போயிருந்தேன் மேடம். முதலாளி வண்டியத்தான் எடுத்துட்டுப் போனேன். அப்புறம் ராயபுரத்துல அவர் வீட்டுல விட்டுட்டேன்."

"வழியில இங்க வந்தீங்களா?"

"இல்ல மேடம். டோல்கேட் தாண்டி நேரா எண்ணூர்."

"தனியா?"

"தனியாத்தான். துணைக்கு ஒரு பாட்டுகூடப் போடல" என்று லேசாகச் சிரித்தான்.

இதற்குள் இன்ஸ்பெக்டர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். லாரியில் சுமை ஏற்றும் தீனா முந்தின நாள் டீக்கடையில் லட்சுமணனோடு சண்டை போட்டு, "உன்ன ஒரு கை பார்க்கிறேன்" என்று கத்தியதைத் தெருவே கேட்டிருந்தது. அவன் மேல் பழைய திருட்டு வழக்கு ஒன்றும் இருந்தது. மதியத்துக்குள் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள்.

"சாயங்காலம் எங்கடா இருந்த?" எழில்மொழி கேட்டார்.

"காசிமேட்டுல மேடம். தனியா குந்திகினு இருந்தேன்."

"யாராவது பார்த்தாங்களா?"

"கடல்தான் பார்த்துது." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "சண்டை போட்டேன், வாஸ்தவம். பெருசு என்னக் குடோன் கேட்டுக்குள்ள வுடல, கோவம் வந்துச்சு. அதுக்கு மண்டைய உடைப்பனா? என் வூட்டுக்காரி மாசமா கீறா மேடம். உள்ள போனா யாரு பாத்துக்குவா?"

"மூட்டைங்கள இவன் எதுல சார் கொண்டு போயிருப்பான்?" எழில்மொழி இன்ஸ்பெக்டரைக் கேட்டார்.

"மூணு சக்கர மீன்பாடி வண்டில போட்டிருப்பான். நாளைக்கு ரிமாண்ட். அதுக்குள்ள வேற ஆள் இருந்தா கொண்டா."

எழில்மொழி ஏட்டு பஷீரோடு சந்துக்குத் திரும்பினார். அந்தச் சன்னல் காத்தூன் பீவியுடையது. அடுப்படியில் ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

"நேத்து சாயங்காலம் எதாவது சத்தம் கேட்டுச்சாம்மா?"

"லாரி போவும், வண்டி உறுமும், அதெல்லாம் தெனமும்தான் கீது. நான் கண்டுக்கறதே இல்ல. எனக்கு நேத்து வேற பேஜாரு."

"இன்னா பேஜாரு?" என்றார் பஷீர்.

"பொழுது சாஞ்சதும் மக்ரிப் தொழுதுட்டு வந்து ரேடியோவப் போட்டேன். பழைய பாட்டு ஓடிகினு இருந்துச்சு. திடீர்னு அத்த அமுக்கினு வேற பாட்டு. வேதக்காரங்க பாட்டு, ஏசுவப் பத்தி, பொண்ணுக் குரலு. நல்லாத்தான் பாடுச்சு. நடுவால கெக்கேன்னு சிரிச்சு, 'அய்யோ, தப்பாப் பாடிட்டேன், மறுபடியும்'னுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு அதுவே பூட்டுது, என் பாட்டு வந்துடுச்சு. ரேடியோக்காரங்களுக்கு இன்னா ஆச்சுன்னே தெரியல."

பஷீர் சிரித்தார். எழில்மொழி சிரிக்கவில்லை.

"அந்தப் பாட்டு வெளிய சந்துலேருந்தும் கேட்டுச்சா?"

"இல்லம்மா. ரேடியோல மட்டுந்தான்."

மாலை அவர் ஆஸ்பத்திரிக்குப் போனார். லட்சுமணன் கண் திறக்கவில்லை. வராந்தாவில் காத்திருந்த சாலமோன், ஸ்டேஷன் வரைக்கும் தன் வண்டியிலேயே கொண்டுவிடுவதாகச் சொன்னார். பஷீர் ஜீப்பை எடுத்துப் போயிருந்ததால் எழில்மொழி ஏறிக்கொண்டார்.

சாலமோன் சாவியைத் திருப்பினார். ஸ்டீரியோவைத் தட்டினார். ஒரு பெண் பாட ஆரம்பித்தாள். சிக்னல் தாண்டும்போது குரல் தடுக்கியது. ஒரு சிரிப்பு. "அய்யோ, தப்பாப் பாடிட்டேன், மறுபடியும்..."

"வண்டிய ஓரமா நிறுத்துங்க."

சாலமோன் பயந்து நிறுத்தினார்.

"யார் பாடுறது?"

"எம் மவ ஜெமிமா. கோயில் பாட்டுப் போட்டிக்கு அவளே எழுதினது. ஞாயித்துக்கிழம வீட்டுல பாடிப் பார்க்கும்போது பதிஞ்சோம். திங்கக்கிழம காலைலதான் இதுல ஏத்தினேன். அந்தச் சிரிப்பு நல்லாருக்குன்னு நான்தான் அழிக்க விடல."

"வேற யார்கிட்ட இருக்கு?"

"ஒருத்தர்கிட்டயும் இல்லம்மா. போட்டி முடியுமுன்ன வெளிய விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கா."

எழில்மொழி குனிந்து பார்த்தார். ஸ்டீரியோவில் கேசட் போடும் வாயும் ரேடியோவும் மட்டுமே இருந்தன. கியருக்குக் கீழே, சிகரெட் லைட்டர் துளையில் கட்டைவிரல் பருமனில் ஒரு கருவி. அதிலிருந்து ஒரு ஒயர் இருக்கையடியில் கிடந்த சின்ன மியூசிக் பிளேயருக்குப் போயிற்று.

"இது எப்படி வேலை செய்யுது?"

"பழைய ஸ்டீரியோல்லா, ஒயர் சொருக இடமில்ல. அதான் இந்த எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர். பிளேயர்ல ஓடுற பாட்ட இது ரேடியோ மாதிரி அனுப்பும், ஸ்டீரியோ பிடிச்சுக்கிடும். நம்பர் மாத்துற பட்டன் உடைஞ்சு ஒரு ஸ்டேஷன் நம்பர்லயே நின்னுட்டு. ஆனா பக்கத்துலயே இருக்கறதால ஸ்டேஷன அமுக்கிட்டு நம்ம பாட்டுதான் கேக்கும்."

"பிளேயர நீங்க ஆன் பண்ணவே இல்லையே?"

"அதுல பேட்டரி செத்துப் போச்சு. வண்டி கரண்டுலதான் ஓடுது. சாவியத் திருப்பினா அதுவா ஆரம்பிக்கும். இருக்கறது இந்த ஒரு பாட்டுதான், திரும்பத் திரும்பப் பாடும்."

எழில்மொழி ஸ்டீரியோவை மட்டும் அணைத்தார். வண்டிக்குள் அமைதி.

"இப்ப?"

"இப்பவும் அது பாட்டுக்கு அனுப்பிக்கிட்டுதான் இருக்கும்மா. பிடிக்கத்தான் இங்க ஆள் இல்ல."

"சந்துக்கு விடுங்க."

குடோன் சந்துக்குள் மாருதி சத்தமில்லாமல் நுழைந்து சன்னலுக்கு அடியில் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டீரியோ அணைந்தே இருந்தது. சில நொடிகளில் மேலிருந்து ஒரு கூச்சல்.

"யம்மா! மறுபடியும் வந்துடுச்சு! அதே பொண்ணு!"

குடோன் அலுவலகத்தில் பாலகணேஷ் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தான். எழில்மொழி எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். சாலமோனும், ஜீப்பில் வந்து சேர்ந்த பஷீரும் கதவோரம் நின்றார்கள்.

"பாலகணேஷ், நேத்து சாயங்காலம் இந்த வண்டி பின்பக்கச் சந்துல நின்னுச்சு."

"இல்ல மேடம். யாராவது பார்த்தாங்களா?"

"பார்க்கல. கேட்டாங்க. ஜெமிமா பாடினது காத்தூன் பீவி ரேடியோல வந்துச்சு. அந்தப் பாட்டு அவங்க வீட்டுக்கு வெளிய ஒரே ஒரு இடத்துலதான் இருக்கு. நீங்க ஓட்டிட்டுப் போன வண்டியில."

அவன் சாலமோனைப் பார்த்தான். "முதலாளியும்தானே அந்த வண்டிய ஓட்டுவார்?"

"ஓட்டுவார். ஆனா நேத்து சாயங்காலம் வண்டி உங்ககிட்ட இருந்துச்சுன்னு நீங்களே சொன்னீங்க. அதோட, சாவியத் திருப்பினா பிளேயர் தானா பாடும்னு அவருக்குத் தெரியும். திருட வந்திருந்தா மொதல்ல அதைப் பிடுங்கிப் போட்டிருப்பார். வண்டிலேருந்து பாட்டுச் சத்தம் வரல, ரேடியோல மட்டும் வந்துச்சு. அப்போ ஓட்டினவருக்கு அந்தக் கருவி இருக்கறதே தெரியாது. ஸ்டீரியோவத் தொடாத ஆள். பாட்டுகூடப் போடலன்னு காலைல என்கிட்ட சொன்னது யாரு?"

பாலகணேஷ் கதவுப் பக்கம் பார்த்தான்.

"சத்தம் வரக்கூடாதுன்னு ஸ்டீரியோவத் தொடாம விட்டுட்டீங்க. மூட்டை ஏத்தினதும் ஓடிடணும்னு எஞ்சினை அணைக்காம வெச்சீங்க. ஏத்தி முடிக்கிற வரைக்கும் அந்தப் பொண்ணு பாடிக்கிட்டே இருந்தா. சாவி கையில இருக்கற மேனேஜர், வெளி ஆள் வேலைன்னு காட்டப் பூட்டை உடைச்சிருக்கீங்க. சரக்கு எங்க?"

பாலகணேஷ் கணினியை அணைத்தான்.

"எர்ணாவூர்ல. ஒரு ரூம் எடுத்து வெச்சிருக்கேன்" என்றான் கடைசியில். "தனியா தொழில் ஆரம்பிக்கலாம்னு... வாட்ச்மேன் டீ குடிக்கப் போனா சீக்கிரம் வரமாட்டாரு. நேத்து பாதியில திரும்பிட்டாரு. 'தம்பி, நானும் ஒரு கை பிடிக்கட்டுமா'ன்னு கேட்டுக்கிட்டே வந்தாரு. முதலாளி சொல்லித்தான் ஏத்தறேன்னு நெனைச்சுட்டாரு. அப்புறம் பூட்டைப் பார்த்தாரு..."

"அவரு ஒனக்குச் சோறு போட்டிருக்காருடா!" சாலமோன் கதவை விட்டு முன்னால் வந்தார். "மெட்ராஸுக்கு வந்த புதுசுல அவர் வீட்டுலதானடா தங்கியிருந்த?"

பஷீர் பாலகணேஷின் தோளில் கை வைத்தார்.

எர்ணாவூர் அறையில் மூட்டைகள் கட்டுப் பிரிக்காமல் இருந்தன. அவற்றின் அடியில் ரத்தம் காய்ந்த கடப்பாரை. இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்தார். ரிமாண்ட் தாளை வாங்கி, தீனாவின் பெயரைத் தன் கையாலேயே அடித்தார்.

புதன்கிழமை காலை தீனாவை வெளியே விட்டார்கள். வாசலில் அவன் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவளை ஆட்டோவில் ஏற்றிவிட்டு அவன் திரும்பி வந்தான்.

"நீ போகலையா?" என்றார் எழில்மொழி.

"பெருசு எந்த ஆஸ்பத்திரில கீறாரு மேடம்?"

"எதுக்கு?"

"கண்ணு முழிச்சா பக்கத்துல யாராச்சும் இருக்கணும்ல. அவருக்குன்னு யாரு கீறா? இருந்த ஒருத்தன்தான் அடிச்சுட்டானே."

எழில்மொழி ஜீப்பின் முன்கதவைத் திறந்துவிட்டார். "ஏறு. நானும் அங்கதான் போறேன்."

வியாழக்கிழமை லட்சுமணன் கண் விழித்தார். அந்த மாலையில் ஒன்றுமே அவருக்கு நினைவில்லை. பிறகு கட்டிலோரம் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்த தீனாவைப் பார்த்தார்.

"இவன் இன்னாத்துக்கு இங்க கீறான்?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல், தன் போர்வையை நகர்த்தி அவன்மேல் போட்டுவிட்டார்.