பதினான்காம் இருக்கையின் பூட்டு

போன வாரம் எழுதி வைத்தபோது நானூற்றுப் பன்னிரண்டு எம்.பி. இருந்த கோப்புறை, இந்த ஞாயிறு மதியம் நானூற்றுப் பதினாறு காட்டியது. நாலு எம்.பி. ஒரு பெரிய விஷயமா என்றால் இல்லை. வேலை செய்கிறவர்களின் கோப்புறை ஒரே நாளில் நாற்பதுகூட ஏறும். ஆனால் இது அவளுடைய கணவனின் கோப்புறை. அவன் போய் எட்டு மாதம் ஆகிறது.

கட்டட வரைபடம் போடும் அந்த அலுவலகத்தில் யாரும் எந்தக் கணினியிலும் உட்காரலாம். அதனால் ஒவ்வொருவரின் பிரவுசர் புரொஃபைலும், அதாவது கடவுச்சொல், தேடிய வரலாறு எல்லாம், சர்வரின் பொது டிரைவில் இருக்கும். ஒரு கணினியில் அதைத் திறந்தால் கூடவே பூட்டு என்று ஒரு சின்னக் கோப்பு உருவாகும். கணினி பாதியில் நின்றுபோனால் பூட்டு பெரும்பாலும் அப்படியே தங்கிவிடும். வேறெங்கும் புரொஃபைல் திறக்காது. உடனே அவளுக்குப் போன் வரும். நிர்வாகி என்று பெயர்தான் பெரிது, பாதி நாள் அவளுக்குப் பூட்டு எடுக்கிற வேலைதான்.

"தப்பா நினைக்காதம்மா, டிரைவ் ரொம்பிடுச்சு. வேலையை விட்டுப் போனவங்களோடது எல்லாத்தையும் எடுத்துரு" என்று மேலாளர் காலையில் போனில் சொல்லியிருந்தார். வேலையை விட்டுப் போனவர்கள். அந்தப் பட்டியலில் அவனையும் சேர்த்துவிட்டார்கள்.

விடுமுறை என்பதால் ஏசி ஓடவில்லை. மூடிய ஜன்னல்களுக்குள் கார்பெட்டின் பழைய தூசி வாசனையும் சர்வர் அறையிலிருந்து வரும் சூடான பிளாஸ்டிக் வாசனையும் கலந்து தொண்டையில் உட்கார்ந்தன. அவள் மனதைக் கல்லாக்கிக்கொண்டு அழிக்கும் பொத்தானை அழுத்தினாள்.

'இந்தக் கோப்பு பயன்பாட்டில் உள்ளது.'

பூட்டைத் திறந்து பார்த்தாள். கணினியின் பெயர்: இருக்கை பதினான்கு. திறந்த நேரம்: இன்று, மூன்று மணி இரண்டு நிமிடம்.

பதினான்காம் இருக்கையில் கணினியே கிடையாது. அவன் கடைசியாக உட்கார்ந்திருந்த அந்தக் கணினியை, அவன் இறந்த வாரமே கழற்றி, துடைத்து, விற்றுவிட்டார்கள். ஆறு மேசை தள்ளி, வெறும் மேசையும் நாற்காலியும் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கேபிளும்தான் தெரிந்தன.

ஏதோ கோளாறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வரலாற்றுக் கோப்பை நகலெடுத்துப் பிரித்தாள். அவன் இறந்த ஞாயிறு முதலில் வந்தது. அந்த வரிகள் அவளுக்கு மனப்பாடம். 'இடது தோள் வலி.' 'நெஞ்சில் பாரம்.' 'மூச்சு விட முடியவில்லை என்ன செய்வது.' அன்றைய வரிகள் மூன்றரையோடு நின்றிருந்தன.

நிறுத்தியது அவள்தான். உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. அன்று காலை, ஞாயிற்றுக்கிழமைகூட வேலையா என்று இருவருக்கும் சண்டை. இரண்டரைக்கு அவனிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது: "போன்ல சார்ஜ் தீரப்போகுது. புரொஃபைல் பூட்டிக்கிச்சு, எடுத்து விடு வாயாடி." கோபத்தில் ஒரு மணி நேரம் காக்க வைத்தாள். அதற்குள் பூட்டு தானாகவே விலகி, அவன் உள்ளே போயிருக்கிறான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தேடியிருக்கிறான், அவளுக்குச் செய்தி எழுதத் தொடங்கியிருக்கிறான். எடுக்கும் முன் பூட்டின் நேரத்தைப் பார்க்க வேண்டும். புதிதாக இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். வேலைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அவளே சொல்லித் தருகிற பாடம். அன்று பார்க்கவில்லை. வீட்டில் இருந்தபடியே இணைப்பைத் துண்டித்துப் பூட்டை அழித்தாள். அவன் திரை செத்துப்போனது. அரை மணி முன்னால் தெரிந்திருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அதன் பிறகு பூட்டைக் கையால் தொட அவளுக்குத் தைரியம் வரவில்லை. ஒரு சின்ன நிரல் எழுதி வைத்தாள். யாரும் இல்லாத ஞாயிறு மதியம் மூன்றரைக்கு அது தானாக ஓடி எல்லாப் பூட்டுகளையும் எடுத்துவிடும்.

பட்டியலைக் கீழே நகர்த்தினாள்.

அடுத்த ஞாயிறும் இருந்தது. அதே மூன்று வரிகள். அதற்கடுத்த ஞாயிறும். இடது தோள், நெஞ்சு, மூச்சு. மூன்றரைக்கு நின்றுவிடும். ஒவ்வொரு வாரமும். முப்பத்து நான்கு வாரம்.

கடைசி வாரங்களில் மேலும் இரண்டு வரிகள் கூடியிருந்தன. அவற்றை அவன் தேடுவதற்காக எழுதவில்லை.

'வாயாடி, உள்ளே நான் இருக்கேன்.'

'பூட்டை எடுக்காதே.'

தான் எழுதிய நிரல், தன் கையால் குறித்த நேரம். அவள் சோறு தின்றுவிட்டுக் கட்டிலில் படுத்திருந்த ஒவ்வொரு ஞாயிறும் அவனைத் திரும்பத் திரும்பக் கொன்றிருக்கிறாள்.

மணி மூன்று இருபத்தெட்டு. கடவுச்சொல் இரண்டு முறை தப்பாகப் போயிற்று. மூன்றாவது முறை உள்ளே போய் நிரலை நிறுத்தினாள். நகல் நொடிக்கொரு முறை தானே புதுப்பித்துக்கொள்ளும்படி வைத்தாள்.

மூன்று முப்பது. காத்திருந்தாள்.

மூன்று முப்பத்தொன்று. ஒரு புதிய வரி.

'இருக்கேன்.'

"என்னங்க..." என்று வாய்விட்டு அழுதாள். "இருங்க. நான் எடுக்க மாட்டேன். எதையும் தொட மாட்டேன், சத்தியமா."

ஆறு மேசை தள்ளி விசைப்பலகை தட்டும் ஓசை கேட்டது. அங்கே விசைப்பலகை இல்லை.

'வலிக்குது.'

மீண்டும் தட்டும் ஓசை.

'வலி நிக்கல.'

'முன்னாடியெல்லாம் இந்நேரம் நின்னுரும்.'

அவள் திரையையே பார்த்தாள். மூன்று முப்பத்தைந்து. மூன்று நாற்பது. நிமிடத்துக்கு ஒன்றாக வந்த வரிகள் இரண்டாயின. பிறகு பத்தாயின.

'வலிக்குது.' 'வலிக்குது வாயாடி.' 'பூட்டை எடுத்துரு.'

"முடியாதுங்க. இன்னொரு தடவை என்னால முடியாது."

'நீதான் எடுக்கணும்.'

நாற்காலி கிறீச்சிட்டது. அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். பதினான்காம் இருக்கையின் முதுகுப்பலகை பின்னால் வளைந்து நடுங்கிக்கொண்டிருந்தது. யாரோ அதில் சாய்ந்து துடிப்பது போல.

எழுந்து ஓடினாள். பயத்தைவிட ஆசை பெரிதாக இருந்தது. அன்று யாரும் பிடித்துக்கொள்ள இல்லாமல் போன அந்த உடம்பை ஒரே ஒரு முறை பிடித்துக்கொள்ள வேண்டும். மண்டியிட்டு, வெறும் நாற்காலியை இரண்டு கையாலும் அணைத்தாள்.

ஈரம். வேர்வையில் நனைந்த சட்டைத் துணி. அதற்கடியில் ஏறி ஏறி இறங்கும் நெஞ்சு. சில்லென்று.

"இதோ வந்துடறேன். எடுத்துடறேன்" என்று விம்மியபடி எழப்போனாள். முடியவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஐந்து விரல்கள் அவளுடைய மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தன. வலியில் இருப்பவன் அகப்பட்டதைப் பிடிக்கும் பிடி அது.

"விடுங்க. விட்டாத்தான் எடுக்க முடியும்."

விடவில்லை. எலும்பு நெரிந்தது.

ஆறு மேசை தள்ளி அவளுடைய திரையில், பூட்டை எடுத்துரு, பூட்டை எடுத்துரு என்று வரிகள் பக்கம் பக்கமாக மேலேறிப் போய்க்கொண்டிருந்தன.