சைடுகாரில் ஒரு காலி இடம்

"பெட்ரோல் டேப்பைத் திறந்தீங்களா?"

"ஹலோ... நான் பொறந்ததே மெக்கானிக் ஷெட்ல. எனக்கே வண்டி சொல்லித் தர்றீங்களா?"

"இல்லீங்க, சும்மா கேட்டேன். மூடியிருக்கிற மாதிரி தெரியுது..."

மூடித்தான் இருந்தது.

மூன்று வாரம் ஆகியும் அந்தப் பேச்சை நினைத்தால் அவளுக்குக் காது சூடாகிறது. கொட்டுகிற மழை, நடுரோடு, அப்பாவின் அந்தக் காலத்து மோட்டார் சைக்கிள். கார்புரேட்டர் ஒழுகும் என்பதால், நிறுத்தியதும் டேப்பை மூடுவது அவர்கள் வீட்டுப் பழக்கம். மூடியவள் திறக்க மறந்து, மிச்சமிருந்த சொட்டுப் பெட்ரோலில் கொஞ்ச தூரம் ஓடி, முக்கி முனகி நின்றுவிட்டாள். குடையோடு வந்த ஒருவன் குனிந்து ஒரே விரலால் திறந்துவிட்டான். சிரித்துத் தொலைத்திருந்தாலாவது கோபப்பட்டிருக்கலாம்... இமையில் மழைத்துளி நிற்க, அந்தக் கண்கள் மட்டும்தான் சிரித்தன. நன்றிகூடச் சொல்லாமல் உதைத்துக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டாள்.

மறுநாளே அவன் ஷெட் வாசலில் வந்து நின்றபோது பகீரென்றது. சீட் தைப்பவனாம். அந்த வண்டியின் பக்கவாட்டில் பூட்டும் சைடுகாரின் இருக்கைக்குப் புதுத் தோல் போட அப்பாதான் வரச் சொன்னாராம்.

அந்த சைடுகாரில்தான் அம்மா பந்தயத்துக்குப் போவாள். அப்பா ஓட்ட, அம்மா பக்கத்தில். அம்மா இறந்து ஆறு வருஷம். அப்பா அதைத் துடைப்பார், எண்ணெய் போடுவார்; யாரையும் உட்கார விடமாட்டார். அடுத்த மாதம் பழைய வண்டிகளுக்கான பந்தயம். ஓட்ட அவள் தயார். இல்லாதது அப்பாவின் சம்மதமும், பக்கத்தில் உட்கார ஓர் ஆளும்தான்.

ஆள் யார் என்று மனசு முதல் வாரமே முடிவு செய்துவிட்டது. வாய்தான் வரவில்லை. அன்றைக்கு அவ்வளவு வீறாப்பாகப் பேசியவள் எந்த முகத்தோடு கேட்பாள்? அதனால் வம்புக்கு இழுத்தாள்.

"நூல் கலர் கேக்க மட்டும் மூணு தடவை வந்துட்டீங்க. ஒரு சீட்டுக்கு இவ்ளோ நாளா சார்?"

"அவசரப்பட்டா எதையாவது மறந்துடுவோம் மேடம். உங்களுக்குத் தெரியாததா?"

இன்று பழைய தோலைப் பிரித்தவன் கையை நிறுத்தினான்.

"சார்... இதுல இருந்தவங்க உக்காரவே இல்லையா? நடுவுல தோல் புதுசு மாதிரி இருக்கு. வெளி ஓரம் மட்டும் நார் நாரா தேஞ்சிருக்கு."

அப்பா கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"அவ எங்க தம்பி உக்காந்தா? வளைவு வந்தா பாதி உடம்பு வெளியதான். அவ சாயலேன்னா சக்கரம் தூக்கிடும். ஒருதடவை ஷூ பறந்துபோய், ஒத்தை ஷூவோட மேடையேறிப் பரிசு வாங்கினா!"

சொல்லிவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அம்மாவைப் பற்றிப் பேசி அவர் சிரித்தது, அவள் போன பிறகு இன்றுதான். சிரிப்பு அடங்கியதும் மகளைப் பார்த்தார்.

"பொத்திப் பொத்தி வெச்சிருக்கேன்... அவளே இதுல ஒரு நாள் சும்மா உக்காரலை. நீ ஓட்டும்மா. ஆளை மட்டும் நீயே பாத்துக்கோ."

டீ போடப் போகிறேன் என்று உள்ளே போனார். அடுப்பு பற்றவைக்கக்கூடத் தெரியாத மனுஷர்!

அவன் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டிருந்தான். நூல் காதுக்குள் போவேனா என்றது.

"அன்னைக்கு நான் நன்றிகூடச் சொல்லலை."

"பரவால்லீங்க."

"பரவால்லேன்னு சொல்லாதீங்க... அப்புறம் கேக்க வந்தது தொண்டையிலேயே நின்னுடும்."

அவன் நிமிர்ந்தான். அதே கண்கள்... இப்போது சிரிக்கவில்லை.

"பந்தயத்துல என் பக்கத்துல வர்றீங்களா? விழுந்தா ரெண்டு பேரும் சேர்ந்துதான் விழணும்..." கிரீஸ் கையைத் துணியில் துடைத்துத் துடைத்து, கடைசியில் துணியையே கீழே போட்டாள். "பந்தயம் முடிஞ்ச பிறகும்... இறங்கிடாம, என்கூடவே இருப்பீங்களா?"