துரு மறுபடி பாடிய மாலை

ஜெகதீஷ் டைம் ஆபீஸ் சுவரிலிருந்து தன் வருகை அட்டையை உருவியபோது அதில் ஏற்கெனவே நேரம் விழுந்திருந்தது. மை இன்னும் காயவில்லை. ஓரத்தில், தகடு அழுத்தும் பிரஸ் ஷாப் எண்ணெயில் தோய்ந்த ஒரு கட்டைவிரல் அடையாளம் வேறு.

ஒருவன் அட்டையை இன்னொருவன் அடிப்பது அந்தக் கம்பெனியில் புதிதல்ல. பஸ் தாமதமானால் நண்பன் அடித்து வைப்பான், மறுநாள் ஒரு டீயோடு கணக்கு தீர்ந்துவிடும். அதனால் முதல் நாள் அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாளும் அப்படியே விழுந்திருந்தது. அதற்கும் அடுத்த நாள், கேட்டில் உட்கார்ந்திருந்த செக்யூரிட்டி கங்கப்பனிடம் கேட்டே விட்டான்.

"கங்கப்பண்ணா, என் கார்டை யாரு அடிக்கா?"

"யாரப்பா அடிப்பாங்க? நீதான் வந்த. நான் பார்த்தனே. தலையைக் குனிஞ்சிகினு நேரா உள்ள போயிட்ட. கூப்புட்டன், திரும்பல."

"நான் இப்பத்தானே வாரேன்."

கங்கப்பன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். நரைத்த மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தார். "ஏனப்பா ஜெகதீசு, அந்தப் பாட்டுக் கச்சேரிக் கிறுக்கு தலைக்கு ஏறிடுச்சா?"

கிறுக்கு என்றால் கிறுக்குதான். ஓசூரில் ஐ.டி.ஐ. படித்த நான்கு பையன்கள் சேர்ந்து நடத்திய 'துரு' என்ற பாட்டுக் குழு, உடைந்து ஒன்பது வருஷம் கழித்து மறுபடி மேடையேறுகிறது என்ற சேதி ஆர்குட்டில் வந்த நாளிலிருந்து, சிப்காட்டில் பல பேருக்குச் சோறு இறங்கவில்லை. மற்றவர்களுக்கு அப்படி ஒரு குழு இருந்ததே தெரியாது. ரேடியோவில் வந்ததில்லை, கடையில் விற்றதில்லை. கம்பெனி பஸ்ஸில் கைமாறிக் கைமாறித் தேய்ந்த கேசட்டுகளில்தான் அது உயிரோடு இருந்தது. அடியில் பேஸ் கிதார் உறுமிக்கொண்டே இருக்கும். டிரம், பிரஸ் மெஷின் மாதிரி ஒரே தாளத்தில் இடிக்கும். பாடுகிறவன் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்று, கோபமா அழுகையா என்று பிரிக்க முடியாத குரலில் தமிழையும் கன்னடத்தையும் கலந்து பாடுவான். கேட்டவர்களில் பாதிப் பேர் இதென்ன ஒப்பாரி என்று தூக்கிப் போட்டார்கள், மீதிப் பேர் விடவே இல்லை. விடாதவர்களுக்கெல்லாம் இப்போது தொப்பை விழுந்து, நெற்றி மேலேறி, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தன. ஆனாலும் பழைய யூனிஃபார்ம் சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்து, பொத்தான் மாட்டுமா என்று மூச்சை இழுத்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கம்பெனி பெயர் தெரியாதபடி சட்டையை உள்வெளியாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு போவதுதான் துரு கச்சேரியின் வழக்கம்.

ஜெகதீஷும் சந்தோஷப்படத்தான் பார்த்தான். முடியவில்லை.

அவனுக்குத் துருவைக் காட்டிக்கொடுத்தவன் முத்துமணி. நாட்றாம்பாளையத்துக்காரன், பக்கத்து மெஷின். சாத்தூரிலிருந்து வந்து, கன்னடமும் தெலுங்கும் கலந்து பேசும் ஊரில் ஊமைபோல் கிடந்த ஜெகதீஷின் காதில் வாக்மேன் இயர்ஃபோனின் ஒரு பக்கத்தைச் செருகி, மறுபக்கத்தைத் தன் காதில் வைத்துக்கொண்டு சிரித்தவன். துருவின் பாட்டில் எது எங்கே மூச்சு வாங்கும் என்பதுவரை அவனுக்கு மனப்பாடம். எல்லாம் கேசட்டில் கேட்டதுதான், நேரில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

ஒன்பது வருஷத்துக்கு முன்பு, துரு தளி ரோட்டு மண்டபத்தில் பாடிய அன்று, முத்துமணிக்கு ஓய்வு. ஜெகதீஷுக்கு இரண்டாம் ஷிஃப்ட். ஆனால் அவன் ஆறு மாதமாகப் பின்னால் சுற்றிய லாவண்யா முதன்முதலாக எங்காவது வரச் சம்மதித்ததும் அந்தக் கச்சேரிக்குத்தான். முத்துமணி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"நீ போடா. பொண்ணு ஒரு தடவதான் வரன்னு சொல்லும். துரு அடுத்த மாசம் மறுக்கா பாடும். உன் ஷிஃப்ட்ட நான் பாக்கறன். அடுத்த கச்சேரிக்கு நான் போறன், நீ என் ஷிஃப்ட்ட பாரு."

வாங்கிய ஷிஃப்டைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும் என்பது பிரஸ் ஷாப்பின் எழுதாத சட்டம். வேலையை விட்டுப் போகிறவன்கூட கடைசி வாரத்தில் அதை அடைத்துவிட்டுத்தான் போவான். எல்லாம் வாய்ப்பேச்சுதான், அட்டை மட்டும் உரியவன் பெயரில் விழும். சூப்பர்வைசர் நாராயணப்பன் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிடுவார்.

அன்று பொழுது சாய்ந்து விளக்குப் போட்ட நேரத்தில், ஜெகதீஷின் அட்டையில், ஜெகதீஷின் மெஷினில் முத்துமணி நின்றான். மெஷினின் கீழ் அச்சில், கீழ் டையில், ஒட்டிக்கொண்ட தகட்டை எடுக்கக் கையை உள்ளே விட்டுக் குனிந்தான். யாரும் பொத்தானைத் தொடவில்லை. மேல் டை தானாக இறங்கியது. அந்த நேரம் ஜெகதீஷ் மண்டபத்தில் லாவண்யாவின் விரலைப் பிடித்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தான். துருவும் அந்தக் கச்சேரியோடு சண்டை போட்டுப் பிரிந்தது. சாவு வீட்டில் முத்துமணியின் அம்மா முனிலட்சுமி ஜெகதீஷின் தலையைத் தடவி, "நீயாச்சும் இருக்கறயே சாமி" என்றாள். அந்தச் சொல்லை அவனால் இன்றுவரை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. லாவண்யாவைக் கட்டிக்கொண்டான், வீடு வாங்கினான், சிரித்துப் பேசினான். உள்ளுக்குள் ஒரு நாள்கூட நிம்மதியாக இருந்ததில்லை.

கச்சேரிக்கு முந்தைய நாள் காலையில் லாவண்யா தோசை வார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, புது சோப்பு வாங்கினீங்களா? தலகாணி பூரா வேப்பெண்ணெ வாசம்."

அவன் வாங்கவில்லை. ஷிஃப்ட் முடிந்து கைக்கரியை வேப்பெண்ணெய் சோப்புப் போட்டு முழங்கைவரை தேய்க்கிறவன் ஒருவன்தான் இருந்தான்.

"தூக்கத்துல வேற பேசினீங்க. 'போலாமா, நேரமாவுது'ன்னு. உங்க பேச்சு மாதிரியே இல்ல, இந்தப் பக்கத்து ஆளுங்க பேசற மாதிரி இருந்துச்சு."

அவன் பாதித் தோசையைத் தட்டிலேயே விட்டு எழுந்து கை கழுவினான்.

அன்று ஷிஃப்டில் அவன் முதுகுக்குப் பின்னால், மெஷின்களின் இடிக்கு நடுவே, யாரோ பல்லிடுக்கில் துருவின் பாட்டை முணுமுணுத்தார்கள். தாளம் தப்பாமல். அவன் திரும்பும்போதெல்லாம் நின்றது. குனியும்போதெல்லாம் தொடங்கியது.

கச்சேரி நாளான சனிக்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்திருந்தான். சாயங்காலம் லாவண்யாவோடு போய் இறங்கியபோது தளி ரோட்டு மண்டபத்து வாசல் திருவிழாவாக இருந்தது. பெங்களூரிலிருந்து பஸ் பிடித்து வந்தவர்கள், துபாயிலிருந்து இதற்கென்றே லீவு போட்டு வந்த ஒருத்தர், உள்வெளிச் சட்டைக்குள் வயிற்றைத் திணித்துக்கொண்டு கட்டிப்பிடித்துக்கொள்ளும் நாற்பது வயதுப் பையன்கள். உள்ளே பேஸ் கிதாரைச் சரிபார்க்கும் ஒற்றை உறுமல் கேட்டதும் வாசலில் நின்ற கூட்டம் மொத்தமும் ஊளையிட்டது. ராஜேஷ்குமார் என்ற பழைய கூட்டாளி ஜெகதீஷின் தோளில் சாய்ந்துகொண்டு கண்ணைத் துடைத்தான். "முத்து இருந்திருக்கணும்டா" என்றான்.

அப்போதுதான் ஜெகதீஷின் செல்போன் அடித்தது.

"எங்கய்யா போயிட்ட? கார்டு விழுந்திருக்குது, மெஷின் சும்மா நிக்குது. உடனே வா."

பின்னணியில் பிரஸ் இடிக்கும் சத்தம். குரல் நாராயணப்பனுடையது. அந்த விபத்துக்குப் பிறகு வேலையை விட்டுவிட்டுக் ஆந்திராவில் குப்பம் பக்கம் போய்விட்ட நாராயணப்பன். போனவர் நாலு வருஷத்துக்கு முன்பு மாரடைப்பில் இறந்துவிட்டார். கருமாதிச் சாப்பாட்டுக்கு ஜெகதீஷே போயிருந்தான்.

போனை அணைத்துவிட்டு உள்ளே போயிருக்கலாம். புத்தியுள்ளவன் அதைத்தான் செய்வான். ஆனால் அவன் நெஞ்சுக்குள் பயத்துக்கும் முந்திக்கொண்டு வேறொன்று எழுந்தது. அங்கே முத்து நிற்கிறான். அவனைக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம். பைக்கின் பின்னால் ஏற்றி, முதல் வரிசையில் நிறுத்திவிடலாம். அவ்வளவுதான் அவனுக்கு வேண்டியிருந்தது.

"ஒரு எட்டு கம்பெனிக்குப் போயிட்டு வந்துருதேன். நீ உள்ள போய் இடம் பிடி."

"இப்பவா? ஆரம்பிக்கப் போறாங்க. வந்துடுவீங்கல்ல?" என்றாள் லாவண்யா.

"வந்துருவேன்."

கம்பெனி கேட்டில் பொழுது சாயும் முன்பே சோடியம் விளக்கு மஞ்சளாக எரிந்தது. அந்த விளக்கை எடுத்துவிட்டு வெள்ளை விளக்குப் போட்டுப் பல வருஷம் ஆகிறது. கங்கப்பன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மீசை கன்னங்கரேலென்று இருந்தது.

"என்ன முத்து," என்றார் அவனைப் பார்த்து. "இன்னிக்கு உனக்கு லீவுதானே?"

அவன் உள்ளே போனான்.

பிரஸ் ஷாப்பில் மெஷின்கள் பழைய பச்சை நிறத்தில் நின்றன. எண்ணெயும் சூடான இரும்பும் கலந்த வாசனைக்கு அடியில் வேப்பெண்ணெய் மெல்லப் புரண்டது. அங்கங்கே நின்றவர்கள் யாரும் திரும்பவில்லை. எல்லோரும் இளைத்து, இளசாக, ஒன்பது வருஷம் குறைந்திருந்தார்கள். அவனுடைய மெஷினுக்கு முன்னால் ஒருவன் முதுகைக் காட்டி நின்று, பழந்துணியால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஒரு தோள் மட்டும் சரியாக இல்லை. சட்டைக்குள் அது மிகவும் தட்டையாக இருந்தது.

"வந்துட்டயா," என்றான் திரும்பாமலே.

ஜெகதீஷுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "முத்து, வாடா. போவோம். இப்பத்தான் ஆரம்பிக்கப் போறாங்க. வண்டி வெளியே நிக்கி."

"ரெண்டு பேரும் போனா மெஷின யாரு பாப்பாங்க?"

கோபமே இல்லாத குரல். நியாயமான கேள்வி.

"என்னய மன்னிச்சிரு முத்து."

"எதுக்குடா? நீ திருப்பித் தருவன்னு எனக்குத் தெரியும்."

ஷிஃப்ட் மாற்றிக்கொள்ளும் எவரும் செய்வதுபோல், முத்துமணி துணியை அவன் தோளில் போட்டுவிட்டுக் கையை நீட்டினான். ஜெகதீஷ் பைக் சாவியை அந்தக் கையில் வைத்தான். யாரும் பிடுங்கவில்லை. அவனாகத்தான் வைத்தான். அந்த ஒரு கணம் ஒன்பது வருஷப் பாரமும் இறங்கினாற்போல் நெஞ்சு லேசானது.

முத்துமணி வாசலை நோக்கி நடந்தான். ஒவ்வொரு மெஷினைத் தாண்டும்போதும் தோள் கொஞ்சம் நிமிர்ந்தது. நடை மாறியது. முடி நெற்றியில் ஏறியது. வாசலில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான்.

ஜெகதீஷின் முகம்.

அப்போதுதான் பயம் வந்தது. முழுசாக. அவன் ஓடப் பார்த்தான். கால் நகரவில்லை. "முத்து, லோடு நிக்குது" என்று முதுகுக்குப் பின்னால் நாராயணப்பன் அதட்டினார். அவன் கை தானாகத் தகட்டை எடுத்தது. வைத்தது. பொத்தானை அழுத்தியது. மேல் டை இறங்கி ஏறியது. எடுத்தது. வைத்தது. அழுத்தியது. அந்தக் கைகளை அவன் பார்த்தான். கல்யாண மோதிரம் இல்லை. நகங்களில் வேப்பெண்ணெய் மணம்.

இடது கை மட்டும் இன்னும் கொஞ்சம் அவன் பேச்சைக் கேட்டது. சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, லாவண்யாவின் எண்ணை அழுத்தி ஸ்டூலில் வைத்து, லவுட்ஸ்பீக்கரைப் போட்டான்.

"ஹலோ? யாருங்க?"

"லாவண்யா, நான்தான்." குரல் நாட்றாம்பாளையத்துக் குரலாக வந்தது. "நாந்தாம்மா பேசறன். உன் பக்கத்துல நிக்கறது நான் இல்ல."

"யாருங்க பேசறது? ஒண்ணுமே கேக்கல. அவருங்களா? இப்பத்தான் வந்தாரு. அழுதுட்டு நிக்கறாரு. இருங்க, தரேன்."

கூட்டத்தின் ஆரவாரம். பேஸ் கிதார் உறுமத் தொடங்கியது. பிறகு காதோரம் மெல்ல, அவனுடைய சொந்தக் குரல்.

"கேக்குதாடா? கேசட்ல இருக்கற மாதிரியே இல்ல. இது வேற. போன ஆஃப் பண்ண மாட்டன். நீயும் கேளு."

லாவண்யா பக்கத்தில் சிரித்தாள். ஒன்பது வருஷமாக அவளை அப்படி அவனால் சிரிக்கவைக்க முடிந்ததில்லை.

டிரம் இடித்தது. மெஷின் இடித்தது. இரண்டும் ஒரே தாளம். ஜன்னலுக்கு வெளியே பொழுது சாய்ந்தது. யாரோ சுவிட்சைப் போட்டார்கள். தலைக்கு மேல் விளக்குகள் வரிசையாக எரிந்தன.

எடு. வை. அழுத்து.

எடு. வை. அழுத்து.

கீழ் டையில் தகடு ஒட்டிக்கொண்டது.

வேண்டாம் என்றான். கத்தினான். நாராயணப்பன் திரும்பவில்லை. யாரும் திரும்பவில்லை. போனுக்குள் நூறு குரல்கள் ஒன்றாகப் பாடின. கை உள்ளே போனது. கைக்குப் பின்னால் தோள் குனிந்தது. முகத்துக்கு நேர் மேலே, எண்ணெய் மினுக்கும் மேல் டையில், ஒரு சொட்டு திரண்டு, நடுங்கி, அவன் கன்னத்தில் சூடாக விழுந்தது.

பொத்தானில் யார் கையும் இல்லை.