சென்னியப்பன் வீட்டு இரைச்சலுண்ணி

பாவாயி தன் முதலாளி சென்னியப்பனுக்குத் தர வேண்டிய அட்வான்ஸ் பாக்கி எண்பத்தாறாயிரத்து நானூற்றைம்பது ரூபாய். அதைக் கட்டாமல் பள்ளிபாளையத்துத் தறிப்பட்டறையை விட்டு அவள் நகர முடியாது. கரூரில் மகள் சுகந்திக்கு இது எட்டாம் மாதம். "அம்மா, வந்துருவதானே?" என்று அவள் கேட்கும்போதெல்லாம் பாவாயி வேறு பேச்சுக்குத் தாவிவிடுவாள்.

ஊரே இரைச்சலைத் தேடி அலைந்த காலம் அது. முன்பெல்லாம் ஆம்ப்ளிஃபயர் கரண்டைத் தின்று பாட்டைப் பெரிதாக்கும். புதிதாக வந்த ஒருங்குபெருக்கி என்ற பாட்டுப் பெட்டியோ, வயிற்றுக்குள் இரைச்சலுண்ணி என்றொரு பாகத்தை வைத்துக்கொண்டு சுற்றியிருக்கும் சத்தத்தை விழுங்கி, அந்தத் தெம்பில் பாடியது. வெளியே எவ்வளவு இரைச்சலோ உள்ளே அவ்வளவு சங்கீதம். நெடுஞ்சாலையோரத்து வீடுகளுக்கு வாடகை எகிறிவிட்டது. மாவுமில்லுக்குப் பக்கத்தில் மனை கேட்டு அடிதடி. அப்படியிருக்க, வீட்டுச் சுவரை ஒட்டியே முப்பத்தாறு தறி ஓட்டும் சென்னியப்பன் சும்மா இருப்பாரா?

கடையிலிருந்து நஸ்ரின் என்ற பெண் இரண்டு பெட்டிகளோடு வந்திருந்தாள். பாவாயிதான் அவற்றை முதலாளி வீட்டுக் கூடத்துக்குத் தூக்கி வந்து வைத்தாள்.

"சின்னது இந்த ரூம் சத்தத்தை மட்டும் எடுக்கும் சார். ஃபேன், மிக்சி, அவ்வளவுதான். ஒரு வீட்டுக்கு இதுவே தாராளம்."

"பெருசு?"

"காம்பவுண்டு முழுக்க எடுக்கும். ஆனா ஒண்ணு சார், திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வர்ற சத்தத்தைத்தான் விழுங்கும். மனுசப் பேச்சு ஒரு தடவை வந்த மாதிரி மறு தடவை வராது. அது அப்படியே நிக்கும்."

"பேச்சு கெடக்குதும்மா. பெருசையே மாட்டு. பாவாயி, போயி அத்தனை தறியையும் ஓட்டச் சொல்லு."

பட்டறைக்குள் எப்போதும்போலப் பல்லெல்லாம் அதிரும் சத்தம். அங்கே ஒரு வார்த்தை பேச வேண்டுமென்றால் காதோடு வாயை வைத்துத் தொண்டை கிழியக் கத்த வேண்டும். முதலாளியும் அப்படித்தான். ஆள் எதிரில் நிற்க, அந்த ஆளைப் பற்றியே கணக்குப்பிள்ளை காதில் கத்துவார். நிற்கிறவருக்கு ஒன்றும் கேட்காது.

பாவாயி தன் தறியைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். சத்தம் போய்விட்டது.

தறி நின்றுவிட்டதோ என்று பதறிக் கையை வைத்தாள். ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஊடு நூலைக் கொண்டுபோகும் நாடா தண்ணீருக்குள் மீன் போவதுபோல் போனது, வந்தது. அதைத் தள்ளும் கோல் ஓங்கி அடித்தது, அடி கேட்கவில்லை. முப்பத்தாறு தறியும் ஊமையாக ஆடின. கோடியில் யாரோ இருமினார்கள். தன் வளையல் உரசுவது கேட்டு அவளே திடுக்கிட்டாள்.

பிறகு சுவருக்கு அந்தப் பக்கமிருந்து நாதஸ்வரம் எழுந்தது. முதலாளியின் கல்யாணத்தில் பதிவு செய்தது. வாசித்தவர் மூச்சை இழுப்பதுகூடக் கேட்டது. பாவாயிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இருபத்திரண்டு வருசமாகத் தன் காதைத் தின்ற சத்தமா இப்படிப் பாடுகிறது?

"அர்த்தனாரியண்ணே! கேக்குதா!" என்று கத்தினாள். பட்டறையே திரும்பிப் பார்த்தது.

"ஏம்புள்ள கத்தற? நானென்ன காவேரிக்கு அக்கரையிலயா நிக்கறேன்?" என்றான் பக்கத்துத் தறி அர்த்தனாரி.

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பும் கேட்டது.

"உங்க கொரலு இப்படியாண்ணே இருக்கும்?" என்றாள் பாவாயி.

"பத்து வருசமா பக்கத்துல நிக்கறேன், இன்னைக்குத்தான் தெரிஞ்சுதாக்கும்!"

முகமெல்லாம் பல்லாகச் சென்னியப்பன் வந்தார். பின்னால் கணக்குப்பிள்ளை தங்கராசு. இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று பாவாயி கிட்டே போனாள்.

"மொதலாளி, புள்ளைக்கு எட்டு மாசமுங்க. பிரசவம் பாத்துட்டு வந்து பாக்கியக் கட்டிடறனுங்க."

"எண்பத்தாறாயிரத்து நானூத்தம்பதை வெச்சுட்டுத் தாராளமாப் போ ஆத்தா" என்றவர், தங்கராசு பக்கம் திரும்பினார். கண்ணெதிரே தறிகள் ஓடின. அதைப் பார்த்ததும் கை தானாக வாயருகே குவிந்தது. தொண்டை தானாகத் திறந்தது.

"இவ கணக்கு போன ஆடியிலயே முடிஞ்சு போச்சு! சொல்லித் தொலைச்சுராத, நாளைக்கே கெளம்பிருவா! நீ பாட்டுக்கு வட்டியை எழுதிட்டே இரு!"

தங்கராசு கண்ணை இறுக மூடிக்கொண்டார். நாதஸ்வரம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. குவித்த கையை எடுக்காமலே சென்னியப்பன் மெல்லத் திரும்பிப் பார்த்தார். ஒருவர் கண்ணும் துணியில் இல்லை.

"அப்ப என் கணக்குங்க?" என்றான் அர்த்தனாரி. கேட்டுவிட்டுத் தன் தறியை நிறுத்தினான். அடுத்தவள் நிறுத்தினாள். அவளுக்கு அடுத்தவன் நிறுத்தினான். தறி நிற்பது பட்டறைக்குள் யாருக்கும் கேட்கவில்லை. ஒவ்வொன்று நிற்கும்போதும் சுவருக்கு அப்பால் நாதஸ்வரம்தான் ஒரு பிடி மெலிந்தது.

"சார், தறியை நிறுத்திட்டீங்களா? பெட்டிக்குத் தீனி பத்தலை!" என்று கூடத்திலிருந்து நஸ்ரின் குரல் கொடுத்தாள்.

பாவாயி தன் தறியையும் நிறுத்தினாள். நாதஸ்வரம் கடைசியாக ஒரு மூச்சு இழுத்து, வாசிக்காமலே அடங்கிற்று.

"என்னுது முடிஞ்சுதுங்களா மொதலாளி?"

கத்தாமல்தான் கேட்டாள். சென்னியப்பன் வாயைத் திறந்தார். பதிலைப் போட்டு மறைக்க அந்தக் காம்பவுண்டில் எந்தச் சத்தமும் மிச்சமில்லை.

"முடிஞ்சுது" என்று முனகினார்.

கடைசித் தறிவரைக்கும் கேட்டது.