ஆல்டன்மோர் வெள்ளி

"கயிற்றை விட்டுடாதே, லோதர்!"

ஹெட்விக்கின் குரல் சுரங்கம் முழுக்க எதிரொலித்தது. முன்னால் அவள் தம்பி லாந்தரைத் தூக்கிப் பிடித்தபடி இடுப்பளவுத் தண்ணீரில் போய்க்கொண்டிருந்தான். ஜெர்மனியின் ஆல்டன்மோர் பிரபு குடும்பத்தில் மிஞ்சியவர்கள் இந்த இருவர்தான். கோட்டை, காடுகள், அத்தனையையும் விற்றாலும் அடையாத கடன்! அப்பா விட்டுப்போனது அவ்வளவுதான். சொத்து வேண்டாம் என்று நாளை நீதிமன்றத்தில் சொல்லிவிட்டால் கடன் பிள்ளைகளைத் தொடாது. அதற்குள் வாரிசாக ஒரு கரண்டியை எடுத்தாலும் போச்சு, மொத்தமும் தலையில் விழும் என்று வக்கீல் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். லோதர் கேட்டால்தானே! அப்பா இந்தச் சுரங்கத்தில் ஒளித்துவைத்த வெள்ளிச் சாமான்களைக் காட்டும் வரைபடமும் கையுமாகக் கிளம்பிவிட்டான். அவனைத் தடுக்கத்தான் அவளும் பின்னாலேயே இறங்கினாள்.

"அக்கா! இங்க பாரு!"

பாறை இடுக்கில் ஒரு பெட்டி. உள்ளே வெள்ளித் தட்டுகள், விளக்குகள். அப்பாவின் கிண்ணத்தை லோதர் ஆசையோடு எடுத்தான்.

"இதையெல்லாம் வித்தா கோட்டையைக் காப்பாத்திடலாம்க்கா. யாருக்குத் தெரியப் போகுது?"

"அந்தப் படத்தை உனக்கு யாரு கொடுத்தா?"

லோதர் தயங்கினான். "குனோ."

அப்பாவுக்குக் கடன் கொடுத்தவர்களில் பெரிய முதலை அந்தக் குனோ.

"வட்டியில்லாம தீக்குச்சிகூடத் தரமாட்டானே! நீ வாரிசாயிட்டா சாகுற வரைக்கும் உன் சம்பாத்தியம் அவனுக்குத்தான்டா. நீ எடுத்துட்டு வர்றதைப் பார்க்க சாட்சியோட வெளியில நிப்பான்!"

மடேரென்று ஒரு உத்தரம் முறிந்தது! தண்ணீர் மார்புவரை ஏறியது. லாந்தர் அணைந்தது. கும்மிருட்டு!

"போட்டுட்டு வா!"

"அப்பா குடிச்ச கிண்ணம்க்கா..." அவன் அழுதான்.

அவள் இருட்டில் கையை நீட்டித் துழாவினாள். அவன் கையில் என்ன இருக்கிறது என்றுகூடத் தெரியவில்லை. தண்ணீர் கழுத்தைத் தொட்டது. பக்கத்தில் தொப்பென்று ஒரு சத்தம். அடுத்த நொடி லோதரின் வெறுங்கை அவள் கையை இறுகப் பற்றியது. இருவரும் கயிற்றைப் பிடித்துத் தட்டுத்தடுமாறி வெளியே வந்து விழுந்தார்கள்.

குனோ இரண்டு சாட்சிகளோடு நின்றிருந்தான். லோதரின் கோட்டுப் பைகளைத் துழாவினான். சேறுதான் வந்தது.

"வெள்ளி எங்கே?"

"அப்பா வச்ச இடத்துலயே இருக்கு," என்றாள் ஹெட்விக். "இனிமே அது கடன் கொடுத்தவங்க பாடு. இறங்கி எடுத்துக்குங்க!"

உள்ளே இன்னொரு உத்தரம் முறியும் சத்தம் கேட்டது. குனோ சட்டென்று பின்வாங்கினான்.

மறுநாள் நீதிமன்றத்தில் சொத்து வேண்டாம் என்று இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். கோட்டை போனது, காடு போனது. இனாமாக வருவதை இனி நம்பமாட்டேன் என்றான் லோதர். அன்றைக்குத்தான் ஹெட்விக் பயமில்லாமல் சிரித்தாள்.