பதினெட்டு ஜன்னல் பஸ்

ஜாசின் நகரத்துக்குப் போகும் பஸ் ரப்பர் தோட்டத்து வாசலுக்கு ஒவ்வொரு நாளும் இரண்டு முறை வரும். வந்தால் கால் மணி நேரம் நிற்கும். அது வெள்ளைக்காரர் ஆட்சி அறிவித்த அவசரகாலம். தோட்டத்தைச் சுற்றி முள்வேலி. போக வர ஒரே வாசல். காட்டில் மறைந்திருந்து சண்டை போடுபவர்களுக்கு ஒரு பிடி அரிசியும் போய்விடக் கூடாது என்பது கட்டளை. ஆகவே காவலர் காளிதாஸ் எல்லாப் பைகளையும் சோதிப்பார். மூடிய டப்பாவைக் கண்டால் ஆணியால் குத்திப் பார்ப்பார்.

அந்தக் கால் மணி நேரத்தில், பத்து வயதுக் கமலவேணி முடிச்சுப் போட்ட கயிற்றால் பஸ்ஸை அளந்துகொண்டிருந்தாள்.

“என்ன பாப்பா, பஸ்ஸுக்குச் சட்டை தைக்கப் போறியா?” என்றார் டிரைவர் சாமிக்கண்ணு.

“இல்ல மாமா, இதே மாதிரி சின்ன பஸ் செய்யுறேன். ஓர் அடிக்கு அரை அங்குலம்.”

இருபத்து நான்கு அடி பஸ் பன்னிரண்டு அங்குலமாகச் சுருங்கியது. நீளமான பிஸ்கட் டப்பா உடலாயிற்று. நூல்கண்டுக் கட்டைகள் சக்கரங்களாயின. பக்கத்துக்கு ஒன்பது ஜன்னல் வெட்ட வேண்டும். தகரம் வெட்டுவது எளிதன்று. நான்காவது ஜன்னலில் கை வலித்தது. மீதியை நாளைக்குப் பார்க்கலாம் என்று பஸ்ஸைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

அங்கே ஏற்கெனவே ஒற்றை இறக்கை விமானமும், பாய்மரமில்லாத கப்பலும், கூரையில்லாத பள்ளிக்கூடமும் இருந்தன. அவையும் நாளைக்காகவே காத்திருந்தன.

சனிக்கிழமை மாலை, பக்கத்து வீட்டுத் தோழி சுசீலா வந்தாள்.

“நாங்க தங்கா பத்து ஊருக்கே குடி போறோம்லா. நாளைக்கு இல்ல, அதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை.”

கமலவேணி கட்டிலுக்கடியைக் காட்டினாள். “அப்ப அந்த பஸ் உனக்குத்தான்!”

“விமானமும் எனக்குத்தான்னு சொன்னே. கப்பலும்தான். வெறும் டப்பாவைக் கொடு, போதும். பென்சில் போட்டு வெச்சுக்கறேன்.”

சுசீலா கோபமாகச் சொல்லியிருந்தால் கமலவேணியும் சண்டை போட்டிருப்பாள். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அதுதான் வலித்தது.

அன்றிரவு கமலவேணி கணக்குப் போட்டாள். மீதி பதினான்கு ஜன்னல். ஏழு நாள். நாளுக்கு இரண்டு முறை பஸ்.

மறுநாளிலிருந்து, ஹாரன் கேட்டால் தகரக் கத்தரியை எடுப்பாள். சோதனை முடிந்து பஸ் கிளம்பினால் கீழே வைப்பாள். ஒரு பஸ்ஸுக்கு ஒரு ஜன்னல். புதன்கிழமை காலை டயர் வெடித்து பஸ் வரவில்லை. வந்ததாக வைத்துக்கொண்டு வெட்டினாள்.

வியாழக்கிழமை அண்ணன் சேகரன் ஒரு யோசனை சொன்னான். “மீதியைக் கறுப்பு மையால வரைஞ்சிரு. யாரு உள்ள எட்டிப் பார்க்கப் போறா?”

“சுசீலா பார்ப்பா. ஏழாவது ஜன்னல்ல அவதானே உக்காந்திருக்கா!”

பெட்டியைப் போல மடித்த காகித இருக்கையில், ரிப்பன் கட்டிய காகிதச் சுசீலா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் காகிதக் கமலவேணி.

சனிக்கிழமை மாலை பதினெட்டாவது ஜன்னலும் திறந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, வாசலில் பஸ்ஸைக் கையில் வாங்கிய சுசீலா ஏழாவது ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். அதற்குள் காளிதாஸ் வந்துவிட்டார்.

“என்னது இது? பிஸ்கட் டப்பாதானே? மூடியை ஒட்டியிருக்கு!” அவர் கை ஆணியை எடுத்தது.

“குத்தாதீங்க அண்ணே!” என்று கத்தினாள் கமலவேணி. “ஜன்னல் வழியாப் பாருங்க!”

காளிதாஸ் குனிந்தார். இந்தப் பக்கம் ஒன்பது ஜன்னலையும், அந்தப் பக்கம் ஒன்பது ஜன்னலையும் ஒற்றைக் கண்ணால் சோதித்தார்.

“ரெண்டு பொண்ணுங்க இருக்காங்க. அரிசி இல்ல. போகலாம்.”

ஆணி சட்டைப்பைக்குள் போயிற்று. சாமிக்கண்ணுவும் குனிந்து பார்த்தார்.

“எல்லாம் சரி பாப்பா. டிரைவர் எங்கே?”

டிரைவரைச் செய்யக் கமலவேணி மறந்திருந்தாள். சுசீலா அவளை முறைத்தாள்.

“நாளைக்குச் செய்யுறேன்னு மட்டும் சொல்லிடாதே!”

“மாமா, ஒரு பழைய டிக்கெட் கொடுங்க. பென்சிலும்!”

பஸ் படியில் உட்கார்ந்து, டிக்கெட்டின் பின்புறத்தில் அவள் வரையத் தொடங்கினாள்.

“எனக்கு நேரமாச்சு பாப்பா!”

“உங்க மீசை பெரிசு மாமா. கொஞ்சம் நேரமாகும்.”

அன்று ஜாசின் பஸ் நான்கு நிமிடம் தாமதமாகப் புறப்பட்டது. சுசீலாவின் மடியிலிருந்த பஸ்ஸும், மீசை வைத்த காகித டிரைவரோடு, அதே நேரத்தில்தான் புறப்பட்டது.