ஃப்ரிட்ஜுக்குள் ஒரு ராக்கெட் வளையம்

தக்கலையில் ஜெயசிங் லேத் பட்டறை என்றால் எல்லாருக்கும் தெரியும். பம்புசெட்டோ, ரப்பர் ஷீட் அடிக்கும் மிஷினோ, எது பழுதானாலும் அங்கேதான் வரும். இப்போது அங்கே ராக்கெட்டுக்கும் ஒரு சாமான் தயாராகிறது!

பெரிய சாமான் ஒன்றுமில்லை. வளையல் அளவுக்கு ஓர் எஃகு வளையம்தான். ஆனால் அது ராக்கெட் ஆய்வு மையம் கொடுத்த வேலை. ஜெயசிங்கின் மகள் ரெனிஷா ஆறாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் அவள் இதைச் சொல்லாத ஆள் பாக்கியில்லை.

அந்தச் சனிக்கிழமை, ஆய்வு மையத்து இன்ஜினியர் அஜிதா வளையத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார். முகம் வாடியிருந்தது.

"அண்ணாச்சி, இதுவும் தேறல. மேல வெள்ளை வெள்ளையா புள்ளி," என்று சோதனை அறையில் எடுத்த படத்தைப் போனில் காட்டினார்.

அப்பா வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பளபளவென்று இருந்தது.

"எங்க மேடம் புள்ளி? இங்கேருந்து போறப்பவும் இல்ல, இப்பவும் இல்ல. ஒங்க ரூம்லதான் என்னமோ இருக்கு."

"எங்க ரூம்ல தூசிகூட நுழையாது. ஒங்க பட்டறையிலதான் எதோ..."

"வேலையத் திருப்பி எடுக்கணும்னா நேரா சொல்லுங்க!" அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

அஜிதாவின் குரல் தாழ்ந்தது. "சின்னப் பட்டறை வேண்டாம்னு எல்லாரும் சொன்னப்போ, நம்ம ஊர்லயே செய்வாங்கன்னு அடிச்சுப் பேசினவ நான். அடுத்ததும் தேறலன்னா வேலை வேற ஊருக்குப் போயிரும், அண்ணாச்சி."

அப்பாவோடு வேலை செய்யும் ரத்தினம் மாமா, கவலையோடு தலையைத் தடவிக்கொண்டு நின்றார். பக்கத்தில் நின்ற ரெனிஷாவுக்கு அழுகை முட்டியது. கூடவே ஒரு கேள்வியும் வந்தது.

"அக்கா, ஒங்க ரூம்ல ஏசி உண்டா?"

"உண்டே. நல்லா குளிரும்."

"அப்போ நாமளும் இத குளிர வச்சுப் பாப்போமா?"

பட்டறைக்குப் பின்னால்தான் வீடு. வளையத்தை டப்பாவில் போட்டு மூடி, ஃப்ரிட்ஜில் நெத்திலிக் குழம்புக்குப் பக்கத்தில் வைத்தாள். ராக்கெட் சாமானுக்கு இப்படி ஓர் இடம் கிடைக்கும் என்று அஜிதா கனவிலும் நினைத்ததில்லை.

காப்பி குடித்துவிட்டு வந்து டப்பாவைத் திறந்தார்கள். வளையத்தில் வெள்ளைப் புள்ளிகள்!

ரெனிஷா ஒரு புள்ளியைத் தொட்டாள். விரல் சூட்டில் கரைந்தது. மோந்து பார்த்தாள்.

"தேங்காண்ணெய்! மார்கழியில நம்ம எண்ணெய் பாட்டில் உறையும்லா, அது மாதிரி."

"ஐயோ!" என்றார் அஜிதா. "இதுவழியா திரவ ஆக்சிஜன் போகும். எண்ணெய் பட்டா தீப்பிடிச்சிருமே!"

"கையுறை போட்டுத்தானே எடுக்கோம்? எப்பிடி வந்துச்சு?" அப்பா குழம்பினார்.

ரெனிஷாவுக்குப் புரிந்துவிட்டது. ரத்தினம் மாமா எண்ணெய் வைத்துப் படியப் படிய வாருவார். கையுறை போட்ட கையாலேயே அடிக்கடி தலையைத் தடவுவார். ஆனால் மாமா பெயரைச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"எல்லாரும் தலைக்கு எண்ணெய் வைக்கோம்லா அப்பா? தெரியாம கை தலைக்குப் போயிருக்கும். எல்லாரும் தொப்பி போட்டா சரியாப்போவும்."

மாமா தன் கையுறையைப் பார்த்தார். "எல்லாரும் இல்ல மக்கா. அது என் தலைதான்," என்றார் மெதுவாக.

"எங்க மேலயும் தப்புண்டு," என்றார் அஜிதா. "சுத்தமா அனுப்புங்கன்னு சொன்னோம். எதுக்குன்னு சொல்லல. இனி நான் இங்க வந்து வேலையப் பாக்கேன். நீங்க அங்க வந்து சோதிக்கிறதப் பாருங்க."

அடுத்த வளையத்தை அப்பாவும் மாமாவும் தாங்களே ஆய்வு மையத்துக்குக் கொண்டுபோனார்கள். அன்று மாலை ரெனிஷா போனை விட்டு நகரவே இல்லை.

மணி அடித்தது. மாமாதான்.

"தேறிட்டு மக்கா, தேறிட்டு! இன்னொரு சேதி கேட்டியா? இங்க பெரிய பெரிய சயன்டிஸ்ட்டெல்லாம் தொப்பி போட்டுட்டுதான் நிக்காவ!"

அவர் குரலில் வெட்கம் துளியும் இல்லை. ரெனிஷா சிரித்த சிரிப்பு பட்டறை வாசல்வரை கேட்டது.